கீல்

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
எல்லோரும் ரயில் பாலத்தைப் படம் எடுத்தார்கள்.
நான் கீழே கட்டியிருந்த விசைப்படகுகளில்
நானூற்றுப் பதினேழில் முடியும் எண்ணைத் தேடினேன்.
பச்சை நிறம். அணியத்தில் அந்தோணியார்.
காணோம்.
கடலுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
போனில் கேட்டுக் கேட்டு
எனக்கே பழகிப்போன வாக்கியம்.

கீலில் ராத்திரி எட்டு என்றால்
தங்கச்சிமடத்தில் நள்ளிரவு தாண்டி அரை மணி.
"அப்பா எங்கம்மா?"
"கடலுக்குப் போயிருக்காரு."
காலையில் கூப்பிட்டால்
"இப்பத்தான் வந்து படுத்தாரு. எழுப்பவா?"
வேண்டாம் என்பேன்.
எழுப்பவா என்று கேட்பதற்கு
அம்மாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு மதியமும் அதையே சொன்னாள்.
ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில்
யாரும் கடலில் இறங்குவதில்லை.
பூசை, கறிக்கடை, தூக்கம்.
இது எனக்குத் தெரியாதா?
கீலில் அன்று முதல் பனி.
போனை ஜன்னல் பக்கம் திருப்பி
பாரு பாரு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வாசலில் பெட்டியை இறக்கியபோது
கதவைத் திறந்தவருக்குத்
தலைமுடி விரல் கனத்துக்குத்தான் இருந்தது.
வேளாங்கண்ணி மொட்டையாப்பா என்றேன்.
"அங்க போட்டது" என்றார்.
அங்கே என்றால்
கடலுக்கு அந்தப் பக்கம்.

நவம்பரில் பிடித்திருக்கிறார்கள்.
பிப்ரவரியில் விட்டிருக்கிறார்கள்.
படகை விடவில்லை.
"பரீட்சை முடியட்டும்னுதான்..."
அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள்,
முகம் காட்டாமல்,
வெங்காயம் அரிந்துகொண்டே.

விசாவுக்காக வங்கியில் நான் காட்டிய பணம்
அந்தப் படகின் பேரில் வாங்கியது.
அப்பா போன வெளிநாட்டுக்கு
ஒரு காகிதமும் தேவைப்படவில்லை.
திரும்பும்போது மட்டும்
கொழும்பிலிருந்து விமானம்.
நான் இறங்கிய அதே மீனம்பாக்கத்தில்
எனக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்
கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு.

தம்பி ஜெர்வினுக்கு இதில்தான் அக்கறை.
"அப்பாவுக்கு ஜன்னல் சீட்டாம்க்கா. உனக்கு?"
எனக்கு நடு சீட்டு.
மேலேயிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது என்று
அப்பாவைக் கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"தண்ணி கலங்கி இருந்துச்சு. எறா கெடைக்கும்."

சாப்பிடும்போது,
"ஊரு பேரு என்ன சொன்னே?"
"கீல்."
"படகுக்குப் பூசுறமே, அதுவா?"
வந்ததிலிருந்து முதல் தடவை சிரித்தார்.
அந்தக் கடலில் உப்பு கம்மிப்பா,
ஏற்றவற்றம்கூட அவ்வளவாக் கிடையாது என்றேன்.
"அப்ப அது கம்மாய்" என்று
மீன்முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார்.

இருபத்து மூன்று கிலோவில்
சாக்லேட் ஜெர்வினுக்குப் போயிற்று.
அம்மாவுக்கு வாங்கிய கிரீமை
அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.
அடியில் கிடந்தது
பழைய துணிக்கடையில் எட்டு யூரோவுக்கு எடுத்த
என் குளிர் ஜாக்கெட்.
ஆண்கள் அளவு. அதுதான் மலிவு.
அப்பா எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் மாத மத்தியானம். கரண்டு இல்லை.
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.
"என்னங்க, வேர்த்து ஊத்துது."
"அங்க தரை சிமிண்டு" என்றார்.
"ராத்திரியில..."
அதற்குமேல் சொல்லவில்லை.
அம்மா விசிறி மட்டையைத் தேடி எடுத்து
அவருக்கு வீசாமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் வலது கைப்பகுதியை மோந்து பார்த்தார்.
"என்ன வாசம் இது?"

ஓட்டல் பின்கட்டில், ராத்திரி ஒரு மணிவரை,
அடுத்தவர் தின்ற தட்டுகளின் எண்ணெய்.

"அந்த ஊரு கடல் வாசம்ப்பா."

மறுபடியும் மோந்தார்.
"உப்பே இல்லையே" என்றார்
என்னைப் பார்த்து.