எழுதியாயிற்று என்றது வட்டு

ஜெலுத்தோங்கில் இரவு இரண்டே கால்.
மழை விட்டாயிற்று. கரண்ட் மூன்று முறை போய் வந்ததில்
டயாலிசிஸ் நிலையத்து சர்வர்
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

தவ்கே ஓய் மலிவாகப் பிடித்துவந்த வட்டு.
எழுதிவிட்டாயா என்று கேட்டால்
எல்லாவற்றையும் நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு
ஆச்சு, ஆச்சு என்று தலையாட்டும்.
எனக்குப் பழகிய தலையாட்டல்தான்.
‘பேங்குல போட்டாச்சுக்கா’ என்பான்
ஐந்து மாதமாக என் பின்னறைக் குடித்தனக்காரன்.

கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் பிழைத்துவிடும்.
எது எங்கே, எத்தனை துண்டு, யார் பெயரில்
என்ற கணக்கு குலைந்தால்தான் மோசம்.
வீடு நிற்கும்,
விலாசம் இருக்காது.

அதற்குத்தான் முன்குறிப்பு.
ஒன்றை மாற்றுமுன்
இதை மாற்றப்போகிறேன் என்று தனியே எழுதிவைப்பது.
மேலே ஒரு பிள்ளையார் சுழி,
கீழே முற்றும்.
முற்றும் விழாத பக்கம்
எவ்வளவு அழகாக இருந்தாலும்
நடக்காததுதான்.

இன்று இந்த வட்டு
முற்றும் என்பதை முதலில் எழுதியிருக்கிறது.
நடுவில் இரண்டு பக்கம் வரவேயில்லை.
கூட்டிப் பார்த்தபோதுதான் இடித்தது:
தலையும் காலும் சரி,
உடம்பு இல்லை.

தூக்கிப் போட்டேன் அதை.
அதற்கு முந்தையது வரை
ஒவ்வொன்றாக மறுபடி நடத்தினேன்.
மூன்றே முக்காலுக்கு எழுந்து நின்றது.
வட்டின் நினைவையும் அணைத்துவிட்டேன்.
இனி மெதுவாகத்தான் எழுதும், திட்டுவார்கள்,
திட்டட்டும்.

அநாதைக் கோப்புகள் ஒன்பது.
பெயர் இல்லை, எண் மட்டும்.
எட்டு பழைய ரசீதுகள்.
ஒன்பதாவதில் எடை அறுபத்தொன்று புள்ளி நான்கு,
கீழே
‘வலது கையில் ஊசி வேண்டாம்’.

சிஸ்டர் தவமலரைப் போனில் எழுப்பினேன்.
‘வலது கையா? செல்லகுமாரிதான்க்கா.
போன மாசம் அடைச்சுக்கிச்சே.’
நிச்சயமா?
‘நிச்சயம்க்கா.’

கர்சர் துடிக்கிறது,
பெயர் போட வேண்டிய இடத்தில்.
தவமலர் பொய் சொல்கிறவள் அல்ல.
வட்டும் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு முதல் ஷிப்ட், பதினாலு நாற்காலி.
‘அவங்க வந்ததும் கையைப் பாரு,
தராசில ஏத்து,
பார்த்துட்டு எனக்குச் சொல்லு’ என்றேன்.
கொட்டாவியோடு சரி என்றாள்.

அதுவரை
அது எண்ணாகவே இருக்கட்டும்.