பலகைக்குக் கீழே

வெளிமாநிலத் தொழிலாளர் உதவி மையம் என்று
தமிழில் மட்டும் எழுதிய பலகைக்குக் கீழே
என் ஜெராக்ஸ் கடை.
மையம் போன தையிலேயே இடம் மாறிவிட்டது.
பலகையைக் கழற்ற ஏணி வேண்டுமாம்,
ஏணிக்கு ஆர்டர் வேண்டுமாம்.

திருப்பூரில் ரயில் நின்ற அரைமணி நேரத்தில்
தோளில் பையோடு யாராவது வந்துவிடுவார்கள்.
பலகையின் போட்டோ போனில் இருக்கும்.
பூட்டிய மாடிக் கதவைப் பார்ப்பார்கள், பிறகு என்னை.
நான் கையை நீட்டி இடதுபக்கம் காட்டுவேன்.
எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

குனி முண்டா வந்த அன்று கரண்ட் இல்லை.
இடுப்பில் காய்ச்சல் பிள்ளை.
ஆதாரில் ஒரு பெயர், பேங்க் புத்தகத்தில் ஒரு பெயர்,
பனியன் கம்பெனி அட்டையில்
'கூனி' என்று யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்.
நிமிர்ந்து நின்று அதை நீட்டினாள்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து நான் வந்து இறங்கியபோது
அங்கிட்டா இங்கிட்டா என்று வழி கேட்டேன்.
"அக்கட்டால போங்" என்றார் டீக்கடைக்காரர்.
தமிழ்தான்.
ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வீணாய்ப்போன தாளின் பின்பக்கம் வரைந்தேன்.
பாலம். நொய்யல், அடையாளத்துக்குக் கொஞ்சம் நுரை.
சாயப்பட்டறைச் சுவர் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டல் குறி.
பச்சை கேட், மாடிப்படி,
மூன்றாம் படி உடைந்திருக்கும், அங்கே பெருக்கல் குறி.
மேலே, ஒடியா பேசும் துளசிமணி மேடம்.
முகம் வரைய வரவில்லை, கண்ணாடி மட்டும் போட்டேன்.
முதலில் பிள்ளைக்கு ஊசி, அப்புறம் மேடம் என்று
ஒன்று, இரண்டு எழுதிக் கொடுத்தேன்.
வேண்டாம் என்றும் கேட்காமல்
மெஷின் மேல் இரண்டு ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடியில் ஒரு பையன் வந்து பத்து காப்பி கேட்டான்.
தாளைப் பார்த்தால் என் படம்.
நகலின் நகல், ஓரமெல்லாம் கறுத்து.
உள்ளே நான் போடாதவை:
தண்ணீர் லாரி வரும் முக்கு,
அட்வான்ஸ் கேட்காத லைன் வீடு,
பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் அங்கன்வாடி,
கடிக்கிற நாய்.
சம்பளம் பிடித்துவைக்கும் கம்பெனி ஒன்றின் மேல்
பேனா கிழிய அழுத்திய கோடு.
எல்லாம் வட்ட வட்ட எழுத்தில்.
இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன்,
அதில் அந்த நாயை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

என் கடைக் கட்டத்துக்குள்ளும் இரண்டு வரி.
"இதென்னப்பா?"
வார்த்தை வார்த்தையாய்த் தேடிச் சொன்னான்:
"கோவக்காரரு.
கேட்டாச் சொல்வாருங்."

அந்த 'ங்'கை எங்கே பிடித்தான்!
எனக்கு அது ஒட்ட ஏழு வருஷம் ஆனது.

பத்து எடுத்துக் கொடுத்தேன். பதினொன்றாவதை
பலகைக்குக் கீழே ஒட்ட ஏறினேன்.
ஏணி வேண்டியிருக்கவில்லை, ஸ்டூல் எட்டியது.
கொஞ்சம் ஆடியது.
பையன் பிடித்துக்கொண்டான்.