வண்டிக்குள் இருப்பவன்

சனிக்கிழமை ஆறரை மணிக்கு
ஏரிக்காற்று டுலூத் நகரத்தைத் தோலுரிக்கும்.
நான் ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு
வண்டிக்குள் இருப்பேன்.
மிலேனா வெளியே நிற்பாள்,
கிளினிக் வாசலுக்கு எதிர்ச்சாரியில்,
கோர்ட் கோடு கிழித்த இடத்துக்கு
ஒரு சாண் இப்பால்.

எனக்குச் சாமி கிடையாது.
இரும்புத்தாது ஏற்றும் துறையில் முப்பத்தோரு வருஷம்;
அங்கே கேட்ட மந்திரமெல்லாம்
கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல்.
ஆனாலும் கண்ணாடி வழியே
அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து
எண்ணக் கற்றுக்கொண்டேன்.
செபமாலையில் பத்தாவது மணி உருண்டதும்
தலை லேசாகத் தாழும்.
ஐந்து முறை தாழ்ந்தால்
காபியை ஊற்றலாம்.

குழந்தை ஏதும் பறிகொடுத்தீர்களா என்று கேட்பார்கள்.
அப்படியொரு காரணம் இருந்தால்
அவர்களுக்கு வசதி.
இல்லை. இரண்டு பையன்கள்,
இரண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள்.
சின்னவன் ஆன்டன் மட்டும்
நாலு கிறிஸ்துமஸாக வருவதில்லை.
“அந்த வாசலுக்குள்
என் பெண்டாட்டி ஒருநாள் போனவள், அப்பா”
என்றான் போனில்.
நான் மிலேனாவிடம் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
அவன் தட்டை மேசையில் வைக்கிறாள்.
பிறகு எடுத்துக் கழுவுகிறாள்.

வாசற்படியில் உட்கார்ந்ததற்கு
நாற்பத்தைந்து நாள்.
இனிமேல் உட்காரமாட்டேன் என்று
ஒரு கையெழுத்து போதும்,
நீதிபதி பேனாவைக்கூட நீட்டினார்.
அவள் அதைப் பார்த்தாள்,
வேறு யாரோ தொலைத்த பொருளைப் பார்ப்பதுபோல.
ஆஸ்பத்திரி வேலை போயிற்று.
லூர்துக்குப் போகவென்று பதினோரு வருஷம் சேர்த்தது
முன்பின் தெரியாத ஒருத்தியின்
வாடகைக்கும் தொட்டிலுக்கும் போயிற்று.
அந்தப் பெண் ஒரு கடுதாசி போட்டதில்லை.
“கைக்குழந்தைக்காரி, நேரம் எங்கே இருக்கும்”
என்றாள் மிலேனா.

அந்த நாற்பத்தைந்துக்குள்
ஈஸ்டரும் வந்தது.
வால்நட்டை அரைத்து,
மாவை மேசை முழுக்க
அடியில் விரித்த செய்தித்தாளைப் படிக்குமளவு இழுத்து,
அவளுடைய அம்மா ஸ்லோவேனியாவிலிருந்து
கொண்டுவந்த சுருள்ரொட்டியை
நானே சுட்டேன்.
சிறையில் உள்ளே விடவில்லை.
வண்டியில் உட்கார்ந்து
முழுசையும் தின்றேன்.
உப்பு போட மறந்திருக்கிறேன்.

போன பிப்ரவரி.
குளிருக்கு ஆகாத மஞ்சள் மழைக்கோட்டு,
இருபது வயதுகூட இராது.
உள்ளே போகும்போது மிலேனாவைப் பார்த்து
ஒரு கெட்டவார்த்தை சொன்னாள்.
வெளியே வரும்போது
எந்த வார்த்தையும் இல்லை.
கூட்டிப்போக வருவதாகச் சொன்ன யாரோ
வரவில்லை போலிருக்கிறது.
பனிக்கட்டியில் ஒரு காலை வைத்தாள்,
எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

மிலேனா அட்டையைத் தரையில் வைத்தாள்.
கோட்டைத் தாண்டினாள்.
தன் கையுறைகளைக் கழற்றி
அந்த விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்,
பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குப் போல.
பின்னால் அருள் நிறைந்த மரியே
பாதியில் நின்றுபோனது.

மூன்று பேரும் முன்சீட்டில்.
க்ளோகே வரை இருபது மைல்.
ஒரு செபம் சொல்லிவிடுவாளோ,
ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிடுவாளோ என்று
பயந்துகொண்டே ஓட்டினேன்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
“காலுக்குச் சூடு வருகிறதா?”

ராத்திரி பங்கிலிருந்து இரண்டு போன்.
நீ எந்தப் பக்கம் என்று ஒன்று.
மற்றதில் வெறும் மூச்சு.
இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்:
“சனிக்கிழமை வருகிறேன்.”

வந்திருக்கிறாள்.
அதே இடம், ஒரு சாண் இப்பால்.
அட்டை இல்லை.
நான் வாங்கிய புதுக் கையுறை
டாஷ்போர்டில் கிடக்கிறது, விலைச்சீட்டோடு.
சிவந்த வெறுங்கையில்
மணிகள் உருள்கின்றன.

அவள் நம்புவதில் பாதியைக்கூட
நான் நம்பவில்லை.
அவள் தவறாக இருக்கலாம்.
இருந்தாலும் இந்த ஊரில்
எனக்குத் தெரிந்து
வேறு யாரும் கையுறையைக் கழற்றவில்லை.

ஐந்தாவது முறை தலை தாழ்ந்தது.
காபியை ஊற்றிவிட்டேன்.
மூடியில் ஆவி அடங்குவதற்குள்
ஆறாவது பத்து மணியைத்
தொடங்கியிருக்கிறாள்.

அது யாருக்கு என்று
நான் கேட்கப்போவதில்லை.