கூட்டக் குறிப்பு, ஆறாம் மாடி

அதிகாரி போன பிறகுதான் கூட்டம் தொடங்கியது.

கேக் அலங்காரம், பூத்தையல், முக ஒப்பனை,
பத்து வாரம், முடிவில் சான்றிதழ் என்று
அச்சடித்த தாளை நாற்காலியிலேயே விட்டிருந்தார்.
ஜெசிந்தா அதை எட்டாக மடித்து
ஆடிய மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள்.
மேசை நின்றது.
செந்தூல் ஃப்ளாட்டின் பதினோரு பெண்கள்
சுற்றி உட்கார்ந்தோம்.

நமக்கு என்ன தெரியணும், சொல்லுங்க.

யாரும் வாய் திறக்கவில்லை.
இதுவரை எவரும் கேட்டதில்லை, பழக்கமில்லை.
பிறகு வந்தது பாருங்கள்:

தண்ணி பில்லில் எது பாக்கி, எது அபராதம்.
பள்ளிக்கூடக் கடிதத்தை மகனிடமே கொடுக்கிறேன்,
அவன் பாதியைத்தான் வாசிக்கிறான்
என்றாள் பவளக்கொடி.
மோட்டார் கடனுக்கு நான் கையெழுத்து,
மோட்டாரும் போச்சு, அவரும் போயிட்டாரு,
கையெழுத்து மட்டும் மாசாமாசம் வருது.
நாலாம் மாடி கக் நோரைனி
மலாய்க் கடிதங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்,
பதிலுக்குக் கணக்கு வேண்டும்;
பசார் மாலாமில் அவள் நாசி லெமாக்
எண்ணி எண்ணி விற்றும் தினம் இரண்டு வெள்ளி குறைகிறது.

நேரத்துக்குத்தான் சண்டை.
ஆபீஸ் கூட்டுகிறவர்கள் ஏழு என்றார்கள்,
ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவர்களுக்கு ஒன்பதுக்குத்தான் விடும்.
வெள்ளி கோயில். சனி யாருக்காவது கல்யாணம்.
செவ்வாய் ஒன்பதரை என்று முடிந்தது,
ஒருவருக்கும் பிடிக்காமல்.
இடம் இதே ஆறாம் மாடி,
லிஃப்ட் செத்தாலும் முட்டி தாங்கும்.

குறிப்பெழுத வேண்டிய வேணிக்கு அன்று இரவு ஷிப்ட்.
பேனா ஒரு சுற்று வந்து
தனபாக்கியத்திடம் நின்றது.
ஐம்பத்திரண்டு வயது, பெருவிரல் ரேகைக்காரி.
வேண்டாம் என்பாள் என்று பார்த்தோம்.
கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள்.

சொட்டும் குழாய். பாதி வாய் மூடிய பையன்.
சக்கரமில்லாத மோட்டார்.
இலைப் பொட்டலம், பக்கத்தில் காணாமல்போன இரண்டு வட்டம்.
கடிகாரம். குறுக்கே கோடு விழுந்த லிஃப்ட்.

அடுத்த செவ்வாய் அவளே வாசித்தாள்,
விரல் வைத்து, ஒன்றும் விடாமல்.
மூலையில் சின்னதாய் ஒரு பாய்,
அதில் படுத்திருந்த மூன்று பிள்ளைகள்.
இது எப்போது பேசினோம் என்றாள் ஜெசிந்தா.
நான் பேசினேன், என்றாள் தனபாக்கியம்,
பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவாங்கன்னு,
உங்க சத்தத்துல கேட்கல.

அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம்.

போராங்கில் பாடத்திட்டம் என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
வேணி எழுதத் தொடங்கினாள், நிறுத்தினாள்,
அந்தப் படத்தாளையே பின்னால் வைத்து
ஸ்டாப்ளர் அடித்தாள்.

கீழே, செயலாளர் கையொப்பம்.
தனபாக்கியம் பெருவிரலை நீட்டினாள்.
மை தேடி மூன்று மாடி ஏறி இறங்கினோம்.
இதான் கடைசி ரேகை, என்றாள் பவளக்கொடி.

பார்க்கலாம், என்றாள்,
விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே.