அட்டையில் எடுத்த அளவு

"என்ன எஞ்சின்?" என்றார் கடைக்காரர்
கல்குலேற்றரிலிருந்து தலை தூக்காமல்.
பிக்கப் என்றேன்.
"அது கூடு, பிள்ளை. நான் கேட்டது எஞ்சின்."

கிளிநொச்சி, வெள்ளிக்கிழமை, பதினொரு மணி.
விசுவமடுவில் முப்பத்தெட்டு மூட்டை கச்சான்
கச்சான் காற்றில் தூசி தின்கிறது.
வண்டி தண்ணியைக் குடித்து வெள்ளைப் புகை விடுகிறது.
ஹெட் கஸ்கற் போய்விட்டது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புத்தகத்தை நீட்டினேன்.
புத்தகம் டூ எல் என்றது.
"டூ எல்லுக்கு முன்னால பெல்ற் இருக்கும்.
உங்கடேல இருக்கோ?"

பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.
பெல்ற் இல்லை.
மூடியைக் கழற்றினால் பல்லுச்சில்லுகள்
ஒன்றின் வாயை ஒன்று கடித்தபடி.

டன்ஸ்ரன் டோர்ச் பிடித்தான்.
நான் வயர் பிரஷும் மண்ணெண்ணெயுமாய்க் கீழே படுத்தேன்.
நம்பர் இருக்க வேண்டிய இடம்
கிறைண்டர் போட்டு வழித்த நெற்றி.
அதன்மேல் புத்தகத்து நம்பரை
யாரோ கையால் குத்தியிருக்கிறான்.
எட்டுக்கு அச்சு இல்லை அவனிடம்.
இரண்டு சைபரை ஒன்றன்மேல் ஒன்று வைத்து
எட்டு ஆக்கியிருக்கிறான்.
மூன்று எட்டு, ஆறு சைபர்.
களவு வேலைதான்.
ஆனால் ஒன்றும் சரியவில்லை,
ஆறுதலாய் இருந்து செய்திருக்கிறான்.
"இதை எட்டு எண்டு நம்பி
சீல் குத்தினவனும் இருக்கிறான்" என்று
டன்ஸ்ரன் சிரித்ததில் டோர்ச் ஆடியது.

பிசுக்கைச் சுரண்டினால் நீலம்.
நீலத்துக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே, ஸ்ராட்டர் மறைக்கிற மூலையில் மட்டும்,
மஞ்சள்.

மஞ்சள் எண்டால் வானும் இல்லை, பஸ்ஸும் இல்லை,
ஜெனரேற்றர், என்றான்.
ரோட்டையே காணாத எஞ்சின்.
ஒரே இடத்தில் நின்று
எதற்கோ வெளிச்சம் கொடுத்திருக்கிறது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அந்த வருடங்களில் இங்கே
விடியும்வரை எரிந்த பல்புகள் கொஞ்சம்.
அவற்றின் கீழே யார் கிடத்தப்பட்டிருந்தார்கள் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இல்லாட்டி தண்ணிப் பம்மாய் இருக்கும்" என்றான் பிறகு,
எனக்காக.

றேடியேற்றர்க் குழாயில் சைக்கிள் ரியூப் சுற்று.
அவிழ்த்தேன்.
கீழே இன்னொரு ரியூப்.
அதன் கீழே குழாயே இல்லை.

வார்ப்பில் தடித்து எழுந்த எழுத்தொன்று கிடைத்தது:
நாலு.
அடுத்தது ஜேயோ, யூவோ,
அதன்மேல் வெல்டிங் வடிந்து இறுகியிருந்தது.

கடைசியில் பிஸ்கட் பெட்டி ஒன்றைப் பிரித்தேன்.
ஹெட்டைக் கழற்றிய வெறும் வாயில் அட்டையை விரித்துச்
சின்னச் சுத்தியலால் தட்டத் தட்ட
ஓட்டைகள் தாமாக விழுந்தன.
பெரிய வட்டம் நாலு.
போல்ற் பதினெட்டு.
தண்ணி வழி எண்ண எண்ணப் பிழைத்தது.

மறுநாள் பஸ்ஸில், மீன்பெட்டியோடு பக்கத்தில் இருந்தவள்
"எக்ஸ்ரேயோ பிள்ளை? ஆருக்கு?" என்றாள்.
வண்டிக்கு என்றேன்.
ஒன்றும் சொல்லாமல்
அட்டை மடங்காதபடி தன் பெட்டியை நகர்த்திக்கொண்டாள்.

கடைக்காரர் கஸ்கற்றுகளை ஒவ்வொன்றாய்
அட்டைமேல் வைத்தார்,
சாதகம் பார்க்கிற முகத்தோடு.
முதலாவதுக்குப் போல்ற் பொருந்தியது, தண்ணி பொருந்தவில்லை.
இரண்டாவது நீளம்.
மூன்றாவதைப் பார்த்ததுமே வைத்துவிட்டார்.
பிறகு ஏணி வைத்து ஏறி
பரணிலிருந்து ஒன்றை இறக்கினார்.
ஊதினார், தும்மினார்,
அட்டையோடு சேர்த்து
வாசல் வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தார்.

எல்லா ஓட்டையிலும் வெளிச்சம்.

"அப்ப, இது என்ன எஞ்சின், அண்ணை?"
பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தார்.
பெயர் இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது.

பில் புத்தகத்தை இழுத்தார். "பேர்?"
"எஞ்சினுக்கோ?"
"உங்கட பேர்."
"லோகநந்தினி."
லோகநந்தினி, ஹெட் கஸ்கற், ஒன்று
என்று எழுதிக் கிழித்துத் தந்தார்.

அட்டையைத் தரவில்லை.
மேசைக்குப் பின்னால் ஆணியில் கொழுவினார்.
"இருக்கட்டும்.
திருப்பியும் வருவீங்கள்."