களை

நைரோபி, இரவுப் பணி. மூன்றாவது தேநீரும் ஆறிவிட்டது.
ஒரு பதிவுக்கு நாற்பது நொடி;
அதற்குள் செப்கெமோய் தீர்ப்பெழுத வேண்டும்.

"அக்கரையில் மண்டியவை களைகள்.
மழைக்கு முன் பிடுங்குங்கள்."
கத்தி இல்லை, பெயர் இல்லை;
விவசாயக் குறிப்பு என்றே வாதாடலாம்.
முப்பத்தெட்டாம் நொடியில்
களைந்தாள்.

அடுத்து ஒரு பெண்:
"என் தம்பியைக் களை என்றார்கள்.
கணக்கு வாத்தியார் அவன்."
செப்கெமோய் விரல் நகருமுன்
இயந்திரம் அதையும் எடுத்துவிட்டது.
சொல் ஒன்றுதானே.

மீட்கக் காரணம் கேட்கும் படிவத்தில்
ஒற்றை வரிக்குத்தான் இடம்.
"இவள் கல்லெறியவில்லை,
மேலே பட்ட கல்லைக் காட்டுகிறாள்"
என்று எழுதி அனுப்பினாள்.
பதில் வர மூன்று நாளாகும்.

விடியுமுன் முதலாமவன் திரும்பிவிட்டான்,
வேறு பெயரில்.
இம்முறை களை என்று சொல்லவில்லை.
சாம்பல் நல்ல உரமாம்.