உம்சிண்டோக்காரரின் டிராக்டர்

எண்பத்தைந்தாயிரம் ராண்ட் என்கிறார் உம்சிண்டோக்காரர்.
எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி,
சிவப்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது,
பின்சக்கரம் இரண்டும் புதுசு.
சாகரன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.
அப்போதே பாதி வாங்கியாகிவிட்டது.

வெருலத்துக்குத் திரும்பியதும் பலகையை எடுத்தேன்.
இரண்டு மீட்டர் பலகை, அதன்மேல் படுக்கவைத்த
தண்ணீர் பாட்டில்.
மேல்முனையை மண்ணில் ஊன்றி
குமிழி நடுவுக்கு வரும்வரை
கீழ்முனையைத் தூக்கிப் பிடித்தேன்.
பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே
என் முழங்கால் உயரம் முழுசாய் நின்றது.
வாழைக்கு நடுவிலும் அளந்தேன்,
மடும்பி என்று இங்கே பெயர் வாங்கிய
சேம்புப் பாத்தியிலும் அளந்தேன்.
எங்கே அளந்தாலும் முழங்கால்.
ஆற்றோரம் போகப்போகத் தொடை.

இருப்பது இரண்டேகால் ஏக்கர்.
அதில் தட்டை என்று சொல்லத்தக்கது
துணிக்கொடிக்கு அப்பால்
பச்சைமிளகாய் போடும் ஒரு துண்டு.
அதை உழ அரைமணி நேரம்.
அந்த அரைமணிக்கு
வருஷம் முழுக்க ஒரு கொட்டகை, டீசல், இன்சூரன்ஸ்,
வண்டி திரும்ப ஓர் இடம்.
எவ்வளவு இடம் என்று கயிறு போட்டுப் பார்த்தேன்:
பதினோரு வரிசை மிளகாய்.

"சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் போச்சு" என்றார்.
குறுக்கே ஓட்டியவர்தான் பூபாலன்.
வண்டி கவிழ்ந்தது, அவர் குதித்துவிட்டார்,
அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது.
கரும்பு வெட்டும்போதெல்லாம் அந்தக் குழி தெரியும்.
"பூபாலன் குடித்திருந்தார்."
அதுவும் உண்மைதான்.

மேலும் கீழுமாய் ஓட்டினால் வண்டி நிற்கும்,
மண் நிற்காது.
நவம்பர் மழையில் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்.
உம்ட்லோட்டி ஆறு நம் தோட்டத்தை
ரசீது தராமல் கடலுக்கு விற்றுவிடும்.
பிறகு எதற்கு வரப்பெல்லாம் வெட்டிவேர் நட்டோம்?

துலானியைக் கூப்பிட்டேன்.
வாடகைக்கு உழுகிறவர்,
யாருடைய வண்டி விற்றாலும் கவலை இல்லாதவர்.
ஆறுவரை இறங்கினார், மூச்சு வாங்க ஏறி வந்தார்,
தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு
"எதற்கு டிராக்டர்?" என்றார்.
உழ, என்றேன்.
அவர் சாகரனைப் பார்த்து மறுபடி கேட்டார்.
சாகரன் ரொம்ப நேரம் மிளகாயையே பார்த்தார்.
"ஏற" என்றார்.

கூடைக்கு இருபத்தைந்து கிலோ மடும்பி.
வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது கூடை.
எல்லாம் ஏறுவது அவர் இடது முழங்காலில்.
பாட்டில் வைத்து அளந்தவள் நான்,
குமிழியில் இது தெரியவில்லை.

படகு வண்டியிலிருந்து கழற்றிய வின்ச் ஒன்று,
டர்பன் பழைய இரும்புக்கடையில், நாலாயிரத்து இருநூறு.
லாரி பேட்டரி. ஐம்பது மீட்டர் கம்பிவடம்.
சறுக்குவதற்குக் குளியலறையின் பழைய கதவு.
மிளகாய்த் துண்டை வருஷத்துக்கு ஒருமுறை
துலானி உழுதுவிட்டுப் போவார்,
எழுநூறு ராண்ட், சர்க்கரை தனி.

முதல் கூடை பாதிவழியில் முட்டி நின்றது.
நான் மேலே, பொத்தானில் விரல்.
அவர் கீழேயிருந்து கத்துகிறார்,
நிறுத்து என்றா இழு என்றா,
காற்றில் பிடிபடவில்லை.
இழுத்தேன்.
கூடை வந்தது, ஒரு வாழைக்கட்டையும் வந்தது.

ஒன்பதாவது வந்து சேர்ந்தபின்
கதவு காலியாய்க் கீழே போனது.
திரும்பி ஏறுகையில் அதன்மேல்
தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
சாகரன்.

ஆனாலும் ஞாயிறுதோறும்
உம்சிண்டோவுக்குப் போன் போகிறது.
விற்றுவிட்டதா?
இன்னும் இல்லையாம்.
மழையில் நிற்கவிடாதீர்கள் என்று
அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு
போனை வைக்கிறார்.